வேலியில்லாத வயல்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வரப்புத் தகராறுக்குப் பதில் சொல்லும்போது, இங்கிலாந்தில் வேலியில்லாத வயல்களில் பயிர் செய்யும் லாக்ஸ்டன் என்ற சின்ன கிராமத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்க்காரர்களே வயலில் இறங்கி எல்லை பார்க்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்தத் தடவை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. என் மகள் நாட்டிங்காம்ஷயரில் நர்ஸாக இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு குளிர்காலம் அவளோடு தங்கியிருந்தபோது மூன்று முறை அந்த ஊருக்குப் போனேன். 32 வருஷம் நில அளவையராகச் சங்கிலி பிடித்தவனுக்கு அது குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்தது போல இருந்தது. அதனால் பட்டா மாறுதல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலக் கிராமம் என்றாலே ‘பாரிஷ்’ என்று ஒரு சொல் வருகிறது. எங்கள் பக்கத்துச் சேகரம் மாதிரி சபைப் பிரிவா அது, அல்லது ஊராட்சியா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

இரண்டும்தான் அம்மா. தொடங்கியது சபைப் பிரிவாக. ஒரு சர்ச், அதற்கு ஒரு குருவானவர், அந்தச் சர்ச்சுக்குத் தசமபாகம் கொடுக்கக் கடமைப்பட்ட வீடுகள், நிலங்கள். உங்கள் ஊரில் சேகரம் என்பதும், கத்தோலிக்கர்கள் பங்கு என்பதும் ஏறக்குறைய இதுதான்.

1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1601-ல் வந்த ஏழைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தந்த பாரிஷில் இருக்கும் கதியற்றவர்களை அந்தந்த பாரிஷே வரி வசூலித்துக் காப்பாற்ற வேண்டும். சோறு போடும் பொறுப்பு வந்துவிட்டதும் எல்லைக்கு இன்னும் மதிப்பு வந்துவிட்டது. இந்த வீடு நம் பாரிஷா, பக்கத்து பாரிஷா என்பது ஒரு குடும்பம் பட்டினி கிடப்பதா இல்லையா என்ற கேள்வி.

வரைபடம் கைவசம் இல்லாத காலத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஈஸ்டர் முடிந்து ஐந்தாவது வாரம் வாக்கில் குருவானவரோடு ஊரார் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். சிறுவர்களைக் கட்டாயம் கூட்டிப் போவார்கள். எல்லைக் கல் வந்ததும் கையில் இருக்கும் குச்சியால் கல்லை அடிப்பார்கள். சில ஊர்களில் பையனையே தூக்கிக் கல்லின் மேல் இடிப்பார்களாம். வலித்தால் மறக்காது, ஐம்பது வருஷம் கழித்துச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும் அல்லவா. கல் நட்டே காலம் கழித்த எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, அந்த ஊர்ப் பெரியவர்களின் கவலையும் புரிகிறது.

1894-ல் ஒரு சட்டம் வந்து சர்ச் காரியத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்தது. அதற்குப் பிறகு கிராமத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில். சம்பளம் கிடையாது. வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் ஒரு சிறு தொகையில் கல்லறைத் தோட்டம், பெஞ்சு, பேருந்து நிழற்குடை, விளையாட்டுத் திடல் என்று பார்த்துக்கொள்கிறார்கள். லாக்ஸ்டனில் பக்கத்துச் சிற்றூரான மூர்ஹவுஸும் சேர்ந்து ஒரே பாரிஷ். மூர்ஹவுஸில் வீடுகள் கொஞ்சம்தான், ஆனால் தனக்கென்று ஒரு சின்ன ஜெபக்கூடம் வைத்திருக்கிறது.

வேலி போடாமல் ஊர் மொத்தமும் ஒரே வயலில் எப்படிப் பயிர் செய்ய முடியும்? ஒருத்தர் மாடு இன்னொருத்தர் பயிரில் வாய் வைக்காதா?
— ஒரு விவசாயி, லால்குடி

நல்ல கேள்வி. நானும் இதே சந்தேகத்தோடுதான் போனேன்.

லாக்ஸ்டனில் மேற்கு வயல், காற்றாலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். வயல் என்றால் நம் ஊரில் நினைக்கிற மாதிரி ஒருவருடைய வயல் இல்லை. ஒரு சரிவு முழுவதும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பரப்பு. அதற்குள் நீளநீளமான துண்டுகள். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயலிலும் துண்டுகள் இருக்கும், அதுவும் ஒரே இடத்தில் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மேட்டு நிலம் இவனுக்கு, பள்ளம் அவனுக்கு என்று போய்விடாமல் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் வந்து சேர வேண்டும் என்பதே கணக்கு.

ஒரு வயலில் இந்த வருஷம் குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் வாற்கோதுமை போன்ற பயிர். மூன்றாவது முன்பெல்லாம் தரிசு. இப்போது புல்லோ தீவனப் பயிரோ போடுகிறார்கள். அடுத்த வருஷம் ஒரு இடம் தள்ளி மாறும். வயல் முழுக்க ஒரே பருவப் பயிர் என்பதால் அறுவடை முடிந்ததும் மொத்த வயலும் ஒன்றாகக் காலியாகும். அந்தக் காலத்தில் ஊர் மாடும் ஆடும் ஒன்றாக இறங்கித் தாள் மேயும், எருவும் போடும். நெல் அறுத்த பிறகு கிடை போடுவது உங்களுக்குத் தெரியாததா!

மாடு வழிதவறினால் பிடித்து அடைக்க ஒரு ஆள் உண்டு, பின்டர் என்று பெயர். அடைக்கும் இடம் ஊருக்குள் மதில் சூழ்ந்த சின்னப் பட்டி. நம் ஊரில் ‘மாட்டைப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள்’ என்போமே, 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தின் பவுண்டு, அதுவும் இந்த வழக்கத்தின் வாரிசுதான். என் அப்பா எட்டணா கட்டி எங்கள் காராம்பசுவை மீட்டுக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஏர் போக முடியாத ஈரப் பள்ளங்களும் உண்டு. அவற்றுக்கு சைக் என்று பெயர். உழாமல் புல்லாகவே விட்டிருக்கிறார்கள். அந்தப் புல் ஊருக்குப் பொது. வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். பல நூறு வருஷம் கலப்பையே படாததால் அங்கே பூக்கும் காட்டுச் செடிகளுக்காக அவற்றைத் தனியாகப் பாதுகாக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த் தெருவில்தான் இருக்கின்றன, வீட்டின் பக்கச் சுவர் தெருவைப் பார்த்தபடி, பின்னால் நீளமான கொல்லை. இங்கிலாந்தின் மற்ற இடங்களில் பண்ணை வீடு நிலத்தின் நடுவே தனியாக நிற்கும். இங்கே நிலம் சிதறிக் கிடப்பதால் எந்தத் துண்டின் நடுவில் போய் வீடு கட்டுவது? அதனால் எல்லோரும் தெருவிலேயே இருந்துவிட்டார்கள். காலையில் டிராக்டர் கிளம்பும்போது யார் எங்கே போகிறார் என்று தெருவுக்கே தெரியும்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே எல்லை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை விரிவாகச் சொல்லுங்கள். அதற்குச் சட்டப்படி மதிப்பு உண்டா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

நவம்பர் கடைசி வியாழக்கிழமை. ஜூரி நாள் என்று பெயர். குளிர்காலக் கோதுமை விதைத்து முளை கிளம்பியிருக்கும் வயல் எதுவோ, அந்த வயலைப் பார்க்கும் நாள். பன்னிரண்டு பேர் ஜூரி, அவர்களுக்கு ஒரு தலைவர். எல்லோரும் அந்த ஊரில் நிலம் உழுபவர்களே.

நான் பாதை ஓரமாக நின்றுதான் பார்த்தேன். ராத்திரி மழை பெய்திருந்தது. அந்த ஊர் மண் சிவப்புக் களி. நாலடி வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டிக்கொள்ளும். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறி வந்தார்கள். காலில் கம் பூட்ஸ், டிரெய்லரில் ஒரு கட்டு மரமுளை, ஒரு கனத்த சுத்தியல். இறங்கினார்கள். ஒருவர் துண்டின் இந்த முனையில் நின்றார். இன்னொருவர் அந்த முனைக்கு நடந்தார். நடுவில் ஒருவர் முளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே நின்றவர் ஒரு கண்ணை மூடிக் கையை இடப்பக்கம் அசைத்தார், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து. முளை இறங்கியது. நான்கு அடி சுத்தியல்.

அப்படியே நின்றுவிட்டேன். கொடிக் கம்பு நட்டு, கையை அசைத்து, ‘வலம், வலம், சரி’ என்று சங்கிலி பிடிக்கும் உதவியாளான என் செயின்மேனுக்கு நான் கத்திய அதே வேலை. பாஷை புரியாமல் பார்த்தாலும் எனக்கு ஒரு கை அசைவும் விளங்காமல் போகவில்லை.

அவர்கள் பார்ப்பது இதைத்தான்: பக்கத்துத் துண்டுக்குள் கலப்பை போயிருக்கிறதா, பொது வழியை யாராவது உழுது சுருக்கிவிட்டார்களா, சைக் புல்வெளிக்குள் உழுது புகுந்திருக்கிறார்களா, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா. குறை இருந்தால் எழுதிக்கொள்வார்கள். மதியம் ஊரின் டவ்கோட் என்ற மதுக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அபராதம் எவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அதே கடையில் கோர்ட் கூடும். கோர்ட் லீட் என்று பெயர். ஸ்டூவர்டு என்பவர் தலைமை வகிப்பார், அவர் சட்டம் படித்தவர். குறைகள் வாசிக்கப்படும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த வருஷ ஜூரிக்கு ஆள் எடுத்துப் பிரமாணம் செய்து வைப்பார்கள்.

மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. இங்கிலாந்து முழுக்க ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கோர்ட்டுகள் இருந்தன. 1977-ல் நீதி நிர்வாகச் சட்டம் கொண்டுவந்து அவற்றின் அதிகாரத்தை எடுத்தபோது, லாக்ஸ்டன் கோர்ட்டைப் பெயர் சொல்லி விட்டுவைத்தார்கள். பாராளுமன்றச் சட்டத்தில் ஒரு சின்ன கிராமத்தின் பெயர்!

இந்த இடத்தில் என் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் சர்வீஸில் அண்ணன் தம்பி இருவருக்கு நடுவே ஒரு வரப்பை அளந்தேன். தகராறு இரண்டு லிங்க்ஸ் அகலம், அதாவது கிட்டத்தட்ட பதினாறு அங்குலம். நான் அளந்து கொடுத்த அளவை ஒருவர் ஏற்கவில்லை. வழக்கு பதினோரு வருஷம் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். தம்பி இறுதிச் சடங்குக்குக்கூட வரவில்லை. அளவில் தப்பில்லை, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் நான் ஒருவன் மட்டும் அளந்தேன். அந்தத் தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் கூட நடந்து வந்து, கண்ணால் கோடு பிடித்து, அன்று மதியமே இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருந்தால்? லாக்ஸ்டனில் நின்றபோது எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

நில அளவை படிக்கும் மாணவன் நான். ஏக்கர் என்பது ஏன் 43,560 சதுர அடி என்று ஒரு முழுமையில்லாத எண்ணாக இருக்கிறது? 40,000 என்று வைத்திருக்கலாமே.
— ஒரு மாணவர், சேலம்

தம்பி, இதற்குப் பதில் அந்த மாதிரி வயலில்தான் கிடக்கிறது, அதனால் இங்கேயே சேர்த்துக்கொண்டேன்.

எருது பூட்டிய ஏர் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் போகும் நீளம் ஒரு ஃபர்லாங். உழவுச்சாலின் நீளம் என்பதே அந்தச் சொல்லின் அர்த்தம். 220 கஜம், 660 அடி. அகலத்துக்கு ஒரு கோல், 16½ அடி. அதில் நான்கு கோல் 66 அடி. 660-ஐ 66-ஆல் பெருக்கு. 43,560 வருகிறதா? இந்த அளவுதான் ஒரு நாள் உழவு என்று வைத்தார்கள். ஆக, ஏக்கர் என்பது சதுரமாக யோசித்த அளவு இல்லை. பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீண்டு கிடக்கும் ஒரு துண்டு. லாக்ஸ்டன் வயலைப் பார்த்தால் வாத்தியார் சொல்லாமலே புரியும்.

1620-ல் எட்மண்ட் குண்டர் என்பவர் அந்த 66 அடியையே ஒரு சங்கிலியாக்கி நூறு கண்ணிகளாக, அதாவது லிங்க்ஸாக, பிரித்தார். அதுதான் நாங்கள் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த குண்டர் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். உங்கள் வீட்டு மனை ஐந்து சென்ட் என்று பத்திரத்தில் எழுதும்போது, எங்கோ எருது திரும்பிய ஒரு தலைமாட்டில் இருந்து வந்த கணக்கைத்தான் எழுதுகிறார்கள். எட்டு எருது பூட்டிய நீள ஏர் சட்டென்று திரும்ப முடியாது. முனை வருவதற்கு முன்பே வளைக்கத் தொடங்க வேண்டும். அதனால் பழைய துண்டுகள் நேர்கோடாக இல்லாமல் லேசாக வளைந்து கிடக்கும். படிப்பில் நேர்கோடு வரையப் பழகுவாய். களத்தில் வளைவைக் கண்டால் தப்பு என்று நினைத்துவிடாதே, காரணம் தேடு.

முடிந்தால் ஒரு படத்தையும் தேடிப் பார். 1635-ல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் லாக்ஸ்டன் முழுவதையும் துண்டு துண்டாக வரைந்தார். ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று சொல்லும் ஏடும் கூடவே உண்டு. நம் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் சேர்த்து வைத்தது மாதிரி. மூலம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வெறும் கோடுகளோடு அவர் நிறுத்தவில்லை. வயலில் ஏர் ஓட்டுபவர்கள், அறுவடை செய்பவர்கள், மான் வேட்டை என்று குட்டிக் குட்டியாகப் போட்டிருக்கிறார். அளந்தவன் அந்த வயலில் இருந்த மனிதர்களையும் பார்த்திருக்கிறான். நான் ஆயிரக்கணக்கில் புலப்படம் போட்டேன், ஒன்றிலும் ஒரு மனிதன் இல்லை.

மற்ற ஆங்கிலக் கிராமங்களில் இந்த முறை ஏன் அழிந்தது? இங்கு மட்டும் எப்படித் தப்பித்தது?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அழிந்தது என்பதை விட, சட்டம் போட்டு அடைத்தார்கள் என்பதே சரி. 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. 68 லட்சம் ஏக்கர். திறந்த வயல்களையும் பொது மேய்ச்சலையும் அளந்து, பங்கு பிரித்து, வேலி கட்டித் தனித்தனி ஆளுக்குக் கொடுத்தார்கள். நிலம் ஒரே இடத்தில் இருந்தால் விளைச்சல் கூடும், புதுப் பயிர் வைக்கலாம் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பத்திரம் இல்லாமல், வழக்கத்தை மட்டும் வைத்துப் பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்துக்கொண்டு, விறகு பொறுக்கிக்கொண்டு இருந்த ஏழைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, அல்லது வேலி போடும் செலவுக்குக்கூடக் காணாத ஒரு மூலை. அவன் கூலிக்காரன் ஆனான், இல்லையென்றால் ஊரை விட்டுப் போனான். அளந்து கொடுத்தது என் தொழில்காரர்கள்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. படங்களில் நாம் பார்த்து ரசிக்கும் அந்தப் பச்சைப் புதர் வேலிக் கட்டங்களில் பெரும்பங்கு அப்போது நட்டவைதான்.

லாக்ஸ்டன் தப்பித்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணம் இல்லை. அங்கே இரண்டு பெரிய நிலப்பிரபுக்களின் நிலம் கலந்து கிடந்தது. யாருக்கு எது என்று அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அப்படியே தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் காலம் ஓடிவிட்டது. நான்காவதாகக் கிழக்கு வயல் என்று ஒன்று இருந்தது, அது போய்விட்டது. துண்டுகளையும் பிற்பாடு ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கினார்கள். மூன்று வயலும் கோர்ட்டும் நின்றன. 1952-ல் அந்த இரு நிலப்பிரபுக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த அப்போதைய மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து அரசின் வேளாண் அமைச்சகம் நிலத்தை வாங்கியது. 1981-ல் அரசுரிமைச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்கு வந்து, 2020-ல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு விற்கப்பட்டது. அது மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்தான்; சுற்றி வந்து அங்கேயே சேர்ந்திருக்கிறது. நிலம் கை மாறியபோதெல்லாம் வயல் முறை இருக்குமா என்று அங்கே பலரும் பயந்திருப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் தூக்கம் வந்திருக்காது.

அந்த ஊரில் பார்ப்பதற்கு வயலைத் தவிர வேறு என்ன? யாரும் போகலாமா?
— ஒரு வாசகர், மதுரை

போகலாம். நியூவர்க் என்ற ஊரிலிருந்து கார் பயணம். டவ்கோட் கடையை ஒட்டி ஒரு சின்னக் காட்சிக் கூடம் இருக்கிறது, வயல் முறையை விளக்கியிருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டை மேடு. கல் எதுவும் மிச்சமில்லை, புல் மூடிய மண்மேடும் அகழியும்தான். மேட்டின் மேல் ஏறினால் சுற்று வட்டாரம் முழுக்கத் தெரியும். சர்ச்சில் பழைய பிரபுக் குடும்பத்தவரின் படுத்த நிலைச் சிலைகள் உண்டு. கல் சிலைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செய்தது. எழுநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். மூக்கும் விரல்களும் தேய்ந்து, மரத்தின் ரேகை மேலே வந்துவிட்டது. தொடவில்லை, ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயலுக்குள் பொது வழிகள் இருக்கின்றன, பலகை வைத்திருப்பார்கள். அதைவிட்டு இறங்க வேண்டாம், நவம்பரில் கோதுமை முளையின் நுனி மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடைதான் இருக்கும். மழைக்காலமென்றால் கம் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். நடக்கும்போது பாதை ஓரம் கொஞ்சம் குனிந்து பாருங்கள், களிமண்ணில் பாதி புதைந்த ஒரு மரமுளை தெரியலாம். வேண்டாத குச்சி என்று பிடுங்கிவிடாதீர்கள்.